1963இன் ‘பீச் பார்ட்டி’ படத்தில் பெற்றோர் ஒருவர்கூட இல்லாதது ஏன்?

நெய்தல்வாசி:
வணக்கம். வில்லியம் ஆஷர் இயக்கிய ‘பீச் பார்ட்டி’யை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். காதலியுடன் தனித்திருக்கலாம் என்று எண்ணி ஃபிராங்கி கடற்கரை வீடொன்றை வாடகைக்கு எடுக்க, தன் மனவுறுதியைத் தானே நம்பாத டொலோரஸ் நண்பர் கூட்டம் முழுவதையும் அங்கே வரவழைத்துவிடுகிறாள். அங்கே தொடங்கும் ஊடல்தான் படம் முழுவதும். பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் இந்த இளைஞர்களுக்குத் தாய் தந்தையர், பள்ளி, வேலை எதுவுமே இல்லை. இது கவனக்குறைவா, திட்டமிட்டதா?

பழையபடச்சுருள்:
முழுக்கத் திட்டமிட்டது என்றே சொல்வேன். படத்தைத் தயாரித்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், நிக்கல்சனும் ஆர்காஃபும் நடத்திய, குறைந்த செலவில் படமெடுக்கும் நிறுவனம். காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகளுக்கு வீட்டாரின் கண்ணுக்கு எட்டாமல் வந்துசேரும் பதின்பருவத்தினரே அதன் முதன்மைப் பார்வையாளர்கள். அவர்களிடம் மறுபடியும் ஒரு தந்தையைத் திரையில் காட்டி அறிவுரை சொல்ல வைப்பானேன்? 1959இல் கொலம்பியா வெளியிட்ட ‘கிட்ஜெட்’டும் மாலிபு கடற்கரைக் கதைதான், ஆனால் அதில் மகளுக்கேற்ற பையனைத் தேடித்தர முனையும் தந்தை ஒருவர் உண்டு. அமெரிக்கன் இன்டர்நேஷனலே 1950களில் எடுத்த இளைஞர் படங்கள் பலவற்றில் சீர்திருத்தப் பள்ளியும் சட்டமீறலும் நிறைந்திருந்தன. அந்தக் குற்றமும் வேண்டாம், அதைக் கண்டிக்கும் பெரியவரும் வேண்டாம் என்று இரண்டையும் ஒருசேர நீக்கியதே ஆஷர் படத்தின் புதுமை.

மணல்மேடு:
மேலே உள்ள மறுமொழியை ஏற்கிறேன், ஆயினும் பெரியவர்களே இல்லை என்று கூறிவிட முடியாது. ராபர்ட் கம்மிங்ஸ் ஏற்றிருக்கும் பேராசிரியர் சட்வெல்லை மறந்துவிடக் கூடாது. ஏதோ தொலைதூரத் தீவின் பழங்குடியை ஆராய்வதைப்போல அவர் இளைஞர்களைத் தொலைநோக்கியால் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்; ஆனால் அறிவியலுக்கு அப்பால் வாழ்க்கையை அறியாதவர் அவரே என்பதையும், தம்மை விரும்பும் உதவியாளர் மேரியன் அருகிலேயே இருப்பதைக்கூட அவர் காணவில்லை என்பதையும் படம் மெல்ல மெல்ல உணர்த்துகிறது. ஆராய வந்தவரே ஆராயப்படுகிறார். அவர் தாடியை மழித்துக்கொண்டு தோன்றும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவன் எரிக் வான் ஸிப்பரும் வயதில் இளைஞன் அல்லன். 1953இல் மார்லன் பிராண்டோ ஏற்ற முரட்டு வேடத்தின் நையாண்டி அவன். பேராசிரியர் ஒற்றை விரலால் தொட்டதும் அவன் சிலையாய் உறைந்துபோகும்போது அவனாக நடித்த ஹார்வி லெம்பெக்கின் முகத்தைப் பாருங்கள், சிரிக்காமல் இருக்க முடியாது. அந்நிறுவனத்தின் திகில் படங்களில் நடித்துவந்த வின்சென்ட் பிரைஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படம் நெடுகத் தூங்குவதும் இதே வகையைச் சேர்ந்ததே: பெரியவர் இருக்கிறார், ஆனால் யாரையும் தடுப்பதில்லை.

அலையேறி:
பெற்றோர் பற்றிய கேள்விக்குச் சிறிய சேர்க்கை. கண்டிப்பவர் இல்லாத இடத்தில், அந்தப் பொறுப்பை டொலோரஸே ஏற்றுக்கொள்கிறாள். திருமணப் பேச்சு எழாமல் தனிமை வேண்டாம் என்பது அவளாக எடுத்த முடிவு. டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிறுமியாக அறிமுகமாகி, அந்நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தபோதே இதில் நடித்த அனெட் ஃபுனிசெல்லோவுக்கு இந்த வேடம் இயல்பாகப் பொருந்தியது.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. டொலோரஸைப் பற்றி நான் இவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை. இந்த வரிசையில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பழையபடச்சுருள்:
1964இன் ‘மசில் பீச் பார்ட்டி’யில் பதின்மூன்று வயது ஸ்டீவி வொண்டர் பாடுவதைக் காணலாம். ஆனால் நான் பரிந்துரைப்பது 1965இன் ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’. மௌனப் படக் காலத்தின் மாமேதை பஸ்டர் கீட்டன் தம் அறுபத்தொன்பதாம் வயதில், அந்த இளைஞர் கூட்டத்தின் நடுவே மணலில் ஓடிக்கொண்டிருக்கிறார்.