‘ரோமிங் அக்ரெசிவ்னஸ்’: வெள்ளிக்கு முன் ஒரு சொல் தேவை

உவர்மலையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மடிக்கணினியில் வைஃபை அமைப்புகளை மாற்றுவதுதான் பாடம். சாதன நிர்வாகியைத் திறந்து வைஃபை அட்டையின் ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்துக்குப் போனால் ஒரு பட்டியல் வரும். 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டையும் ‘அலைப்பட்டை’ என்று போட்டுவிட்டேன். ‘ட்ரான்ஸ்மிட் பவர்’ அனுப்புவலு. இடறுவது ‘ரோமிங் அக்ரெசிவ்னஸ்’. பல இன்டெல் அட்டைகளில் 1 முதல் 5 வரை இருக்கும், 3இல் நிற்கும். முன்மண்டபத்தில் இணைந்த கணினியைப் பின்வகுப்பறைக்குக் கொண்டுபோனால், தலைக்கு மேலேயே வேறொரு அணுகுபுள்ளி (வைஃபை தரும் பெட்டி) இருந்தும் பழையதையே பிடித்துக்கொண்டு திணறுகிறதல்லவா, அதற்கான அமைப்பு இது. ‘உலாவல் தீவிரம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

உப்புவெளியிலிருந்து:

தம்பி, உலாவல் வேண்டாம். ‘உலாவி’யை பிரவுசருக்குக் கொடுத்துப் பல வருடமாகிறது. பிள்ளை இதைப் படித்துவிட்டு குரோமைத் திறந்து தேடும்.

நிலாவெளியிலிருந்து:

‘தாவல்’ எப்படி? ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்கு.

உப்புவெளியிலிருந்து:

அது உலாவியின் ‘டேப்’புக்குப் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் தமிழில் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

ஸலாம். ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? ‘மாறுகெதி’ என்று போடுங்கள். கெதியாய் மாறு என்றால் இங்கே விளங்காத ஆள் இல்லை.

உப்புவெளியிலிருந்து:

கெதி என்பது கதியின் திரிபு. கதி வடசொல். தமிழில் ‘விரைவு’ இருக்க அதை ஏன் இழுக்க வேண்டும்?

கிண்ணியாவிலிருந்து:

சேர், நீங்கள் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் எதில் இருந்தார்கள்? வாங்கில்தானே. அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது. கொப்பிகளை வைத்த அலுமாரியும் அவர்களுடையதுதான். வடசொல்லையும் சொல்வகை நான்கில் ஒன்றாகத் தொல்காப்பியரே சேர்த்திருக்கிறார். அவர் விட்டதை நீங்கள் மறிப்பதா?

உப்புவெளியிலிருந்து:

சேர்த்தார், வடவெழுத்தை நீக்கி எடு என்ற நிபந்தனையோடு. அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

இடையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். கையேட்டு வரைவில் ‘சனல் விட்த்’ என்பதற்குக் ‘கால்வாய் அகலம்’ என்றிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் கந்தளாய்க் குளத்து வாய்க்காலை அளக்கக் கயிறோடு போய்விடும். 2.4இல் 1, 6, 11 என்ற மூன்று சனல்கள்தான் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடும். அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸிலிருந்து 40க்குக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் இணைப்பிலும் கை வைத்த மாதிரி. இதை விளக்க ‘தடம்’ போதாதா?

மூதூரிலிருந்து:

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், ஒன்று சொல்லலாமா? கெதி, விரைவு இரண்டுமே பிழை. இந்த அமைப்பு வேகத்தைத் தொடுவதில்லை. சைகை எவ்வளவு மோசமாகும்வரை கணினி பழைய அணுகுபுள்ளியைப் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. 1இல் வைத்தால் இணைப்பு நன்றாகக் கெட்ட பிறகுதான் வேறிடம் தேடும். 5இல் வைத்தால் கொஞ்சம் சறுக்கினாலே தேடத் தொடங்கும், இரண்டு அணுகுபுள்ளிக்கு நடுவில் இருக்கிற கணினி இங்கும் அங்கும் மாறிமாறி இழுபடும். விடுவதா இருப்பதா என்று வைஃபையில் முடிவெடுப்பதும் கணினிதான். ஆகவே இது பொறுதி பற்றிய விஷயம். ‘பொறுதி அளவு’ என்று போடலாம்.

உவர்மலையிலிருந்து:

நல்ல சொல், ஆனால் தலைகீழாகிவிடுகிறதே! பொறுதி 5 என்றால் பிள்ளை நிறையப் பொறுமை என்றல்லவா நினைக்கும்? திரையிலோ 5 என்பது பொறுமையே இல்லாத நிலை.

உப்புவெளியிலிருந்து:

அப்படியானால் ‘முனைப்பு’. தீவிரம், ஊக்கம் இரண்டும் அதில் உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன், ‘முனைவு முனிவாகும்’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல். முனிவு என்றால் வெறுப்பு. பழைய அணுகுபுள்ளியில் கணினிக்கு வெறுப்பு வருகிறது, அதனால் விட்டுப்போகிறது. மூதூர்த் தம்பி சொன்ன பொறுதியின்மை அப்படியே இதற்குள் இருக்கிறது. போர்முனை, கடல்முனை என்கிற முனையும் இதற்கு உறவா என்று பார்க்க வேண்டும். எங்கள் கோணமலையே கடலுக்குள் நீண்ட ஒரு முனைதானே. இதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

நிலாவெளியிலிருந்து:

தனி மடலாகவே எழுதுங்கள் ஐயா, நாளை வியாழன். ‘மாறுமுனைப்பு’ என்று வைத்துக்கொள்வோம். எனக்குச் சம்மதம்.

மூதூரிலிருந்து:

சம்மதம் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு இல்லை.

உவர்மலையிலிருந்து:

சரி, ‘மாறுமுனைப்பு’ போகிறது. எப்படியும் திரையில் ஆங்கிலம்தான் வரும், அதனால் அந்தப் பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் கொடுக்கிறேன். கால்வாயைத் தடமாக மாற்றிவிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து:

அச்சில் எதையும் போடுங்கள். என் கடைக்கு மடிக்கணினியைத் தூக்கிவருகிற பிள்ளையிடம் ‘மாறுகெதியை 4இல் வை’ என்றுதான் சொல்வேன். விளங்கிக்கொண்டு போகும்.

உப்புவெளியிலிருந்து:

விளங்குவது மட்டும் போதுமென்றால் கையேடு எதற்கு நானா?

தம்பலகாமத்திலிருந்து:

‘தடம்’ என்று நான் சும்மா கேட்டுப் பார்த்தேன். ‘பாத்’ (பாதை) என்பதற்கும் சிலர் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘அலைத்தடம்’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?