மூன்றாம் ஆண்டு புள்ளியியல் புராஜெக்ட்: பஸ் ஸ்டாப்பில் நிற்பதா, ரெடிமேட் டேட்டாவா?

உசிலைப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் கொடுக்க வேண்டும். தலைப்பு ‘நிகழ்தகவு, புள்ளியியலின் பயன்பாடுகள்’. ஏப்ரலில் வைவா. கூட இருக்கும் மூன்று பேரும் இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் டைட்டானிக் கப்பல் பயணிகள் டேட்டாவை இறக்கி, யார் பிழைத்தார்கள் என்று பைத்தானில் ஓட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்குப் பழங்காநத்தம் ஸ்டாப்பில் நின்று, திருப்பரங்குன்றம் பக்கம் போகும் டவுன் பஸ் வரும் நேரத்தைக் குறித்து ஏதாவது செய்ய ஆசை. கைடிடம் கேட்டால், ‘எதையாவது செய்யுங்கப்பா, அறுபது பக்கம் வரணும்’ என்று சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் போவது?

மல்லிச்சந்தை:
தம்பி, பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள். பயிற்சிக்கென்று கொடுக்கும் டைட்டானிக் பட்டியலில் இருப்பது 891 பேர். லேப்டாப் திறந்த ஒவ்வொரு மாணவனும் அந்த 891 பேரையும் ஒரு தடவை கடலில் இறக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறான். வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விடுவார். அதில் 177 பேருக்கு வயது கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘சராசரியைப் போட்டு நிரப்பினோம் சார்’ என்பீர்கள். பஸ் நேரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால், அப்போது டீ குடிக்கப் போயிருந்தோம் என்றாவது உங்களுக்குத் தெரியும்.

நரிமேடு சார்:
கேட்க நன்றாக இருக்கிறது. வைவா மேசைக்கு இந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ‘சொந்த டேட்டா’ என்று வரும் புராஜெக்ட்டுகளில் பாதிக்கு மேல் கண்ணால் பார்க்க முடியாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை விலையை ஒரு மாதம் எழுதி வருவார்கள். மார்கழிப் பனியில் வரத்து சுருங்கும், முகூர்த்த நாள் வந்தால் கிலோ ஆயிரங்களில் எகிறும், மறுநாள் சரியும். இப்படி ஒரு பக்கம் வால் நீண்ட விலைக்கு, இரண்டு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவ இயல்நிலைப் பரவல் பொருந்துகிறது என்று எழுதியிருப்பார்கள். இன்றைய விலை நேற்றைய விலையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அதைத் தனித்தனி மாதிரி என்று வைத்து, சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டால், இது தற்செயலா என்று சொல்ல வரும் பி வேல்யூவுக்கு அர்த்தமே கிடையாது.

சுத்தமான டேட்டாவில் முறையைக் கற்றுக்கொள்ளட்டும். 1936இல் புள்ளியியலாளர் பிஷர் எடுத்தாண்ட ஐரிஸ் பூக்கள், மூன்று இனம், இனத்துக்கு 50 வீதம் 150. பறித்து அளந்தவர் பிஷர் இல்லை, எட்கர் ஆண்டர்சன். 1898இல் போர்ட்கீவிச் குதிரை உதைத்துச் செத்த பிரஷ்ய வீரர்களை எண்ணினாரே, அவரா லாயத்தில் போய் நின்றார்? ராணுவப் பதிவேடு. 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 பதிவுகளில் 122 சாவு, சராசரி 0.61. ஒரு சாவும் இல்லாத பதிவுகள் 109. அரிதாக நடப்பவற்றை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவல் சொல்லும் எண்ணிக்கை 108.7. இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்த்த பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

கோரிப்பாளையம் குசும்பன்:
இதெல்லாம் எதற்கு? பைண்டிங் கடையில் போன வருடத்து புராஜெக்ட் சாஃப்ட் காப்பியாகவே இருக்கும். பெயரை மாற்றி, தங்க எழுத்து போட்டு வாங்கிக்கொள்ளலாம். அறுபது பக்கம் உத்தரவாதம்.

மல்லிச்சந்தை:
குசும்பு இருக்கட்டும், கைடும் அந்தக் கடையில் பைண்டிங் போட்டவராகவே இருப்பார்.

நரிமேடு சார், உங்கள் உதாரணத்திலேயே என் பதில் இருக்கிறது. போர்ட்கீவிச் கையில் இருந்தது 14 படைப்பிரிவு. அதில் நாலு மற்றவற்றைப் போல அமைந்தவை அல்ல என்று அவருக்குத் தெரியும். அவற்றை ஒதுக்கியதால்தான் உங்கள் 200. ஐரிஸும் அப்படித்தான். இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் வளர்ந்தவை, மூன்றாவது அங்கே பறித்ததல்ல. பிஷரே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். ஐரிஸில் புராஜெக்ட் செய்த எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? டேட்டா எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே ரெடிமேடில் எழுவதில்லை.

உசிலைப் பையன்:
நேற்று சாயங்காலம் சும்மா போய் நின்று பார்த்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் இரண்டு பஸ் ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்தன. முதல் பஸ்ஸில் படியில் தொங்கினார்கள், பின்னால் வந்தது காலி. இதில் என்ன கணக்கு போடுவது?

நரிமேடு சார்:
நல்ல கணக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வை. சரியாகப் பத்துக்குப் பத்து வந்தால், எப்போதோ வந்து நிற்கும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பான். இப்போது இடைவெளி 2, 18, 2, 18 என்று மாறி மாறி வருகிறது. இடைவெளியின் சராசரி அதே 10. ஆனால் ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 18 நிமிடம் நீண்ட இடைவெளிக்கே போகிறது; ஸ்டாப்புக்கு வருகிறவன் அதற்குள் மாட்ட வாய்ப்பு 90 சதவீதம், மாட்டினால் சராசரிக் காத்திருப்பு 9. மீதி 10 சதவீதத்துக்கு 1 நிமிடம். ஆக 8.2 நிமிடம். பஸ் எண்ணிக்கை குறையவே இல்லை, காத்திருப்பு மட்டும் ஏறிவிட்டது. பஸ்கள் முற்றிலும் தற்செயலாக, அதாவது இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலில் வந்தால் முழுசாக 10 ஆகும். டிப்போவில் கேட்டால் ‘பத்து நிமிடத்துக்கு ஒன்று விடுகிறோம்’ என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, பயணி திட்டுவதும் நியாயம்.

இதைப் பைத்தானில் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம். எக்ஸ்டர்னல் அசந்துபோவார்.

மல்லிச்சந்தை:
சூப்பர் சார். ஆனால் பழங்காநத்தத்தில் இடைவெளி 2, 18ஆ, 5, 15ஆ? 5, 15 என்றால் விடை 6.25தான். பத்தாயிரம் தடவை என்ன, பத்து லட்சம் தடவை ஓட்டினாலும் நீங்கள் உள்ளே போட்டதுதான் வெளியே வரும்.

நரிமேடு சார்:
ஒரு சாயங்காலம் நின்று எழுதியதை வைத்து ‘மதுரைப் பேருந்துகள்’ என்று தலைப்பு போடுவார்களே, என் கவலை அது. மழை பெய்தால், கோயிலில் திருவிழா என்றால், எண்ணிக்கையே வேறு.

திருநகர் அக்கா:
நான் புள்ளியியல் படித்துவிட்டு மருத்துவ ஆய்வு டேட்டாவில் வேலை பார்ப்பவள். உங்கள் இரண்டு பேர் சண்டையில் மூன்றாவது வழி பேச்சே வரவில்லை. நிறைய பேர் செய்வது அதுதான்: கூகுள் ஃபார்ம். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு, அறுபது பேர் நிரப்பி, ‘மதுரை இளைஞர்களின் செல்போன் பழக்கம்’ என்று தலைப்பு. இருபது கேள்விக்கும், தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கை ஸ்கொயர் சோதனை போடுவார்கள். தப்பாக ‘ஆம்’ என்று வர ஒவ்வொன்றிலும் 5 சதவீத இடம் கொடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனை என்றால், விஷயமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது ‘சிக்னிஃபிகண்ட்’, அதாவது தற்செயல் இல்லை, என்று வர 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுரை எழுதுவார்கள். தம்பி, அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதே.

பஸ்ஸுக்கு வருகிறேன். நான் அந்த ரூட்டில் போகிறவள்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை. கட்டணம் கேட்கும் பஸ் முன்னால் வந்தாலும் பல பெண்கள் ஏற மாட்டார்கள், இலவச பஸ்ஸுக்காக நிற்பார்கள். அப்படியானால் ஒரே ஸ்டாப்பில் உன் காத்திருப்பும் என் காத்திருப்பும் ஒன்றில்லை. நீ எல்லா பஸ்ஸுக்கும் இடைவெளி பார்ப்பாய், எனக்குக் கணக்கு இலவச பஸ்ஸின் இடைவெளி மட்டும். சார் சொன்ன அதே காத்திருப்புக் கணக்கை இரண்டு தடவை போடு. எந்த பஸ் என்று ஒரு கட்டம் கூடுதலாக எழுதினால் போதும்.

நரிமேடு சார்:
அம்மா, கட்டண பஸ்ஸும் இலவச பஸ்ஸும் ஒரே ரோட்டில் ஒன்றையொன்று துரத்துகின்றன. முன்னால் போன பஸ் ஆளை அள்ளிக்கொண்டால் பின்னால் வருவது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி என்று எடுத்துக் கூட்டினால் தப்பு. வைவாவில் என் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

திருநகர் அக்கா:
கூட்டச் சொல்லவே இல்லை சார். இடைவெளியின் சராசரியும், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற மாறுபாடும் போதும், சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். அதற்கு பஸ்கள் ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும் என்பதில்லை. பாய்சான் பொருந்துகிறதா என்று பார்க்கப் போனால்தான் உங்கள் கேள்வி கடிக்கும்.

நரிமேடு சார்:
ஸ்டாப்புக்கு வரும் ஆள் பஸ் நேரம் பார்க்காமல் வருகிறான் என்பதாவது தேவை. சாயங்காலம் சரி. காலையில் அலுவலகம் போகிறவர்கள் நேரம் தெரிந்துதான் வருவார்கள்.

உசிலைப் பையன்:
அப்படியென்றால் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் எடுக்கிறேன், தலைப்பிலேயே நேரத்தையும் ஸ்டாப்பையும் போட்டுவிடுகிறேன். இலவச பஸ்ஸுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஒரு சந்தேகம்: நிரம்பி வழிந்து நிற்காமலே போகும் பஸ்ஸை வந்ததாக எழுதுவதா, வராததாக எழுதுவதா?

மல்லிச்சந்தை:
நின்று ஏற்றினால்தான் பயணிக்கு அது பஸ். ஆனாலும் போன நேரத்தை எழுதி, பக்கத்தில் ‘நிற்கவில்லை’ என்று போடு. இரண்டு விதமாகவும் கணக்கு பார்.

நரிமேடு சார்:
பேப்பரில் பேனாவால் எழுது, செல்போனில் போட்டோ எடுத்து வை. அந்தத் தாளைப் பார்க்காமல் நான் ஒரு மார்க்கும் போட மாட்டேன்.