மீட்டர் கேஜ் ரயில் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை

செங்கோட்டை ஸ்டுடியோ:
வணக்கம். 2010 செப்டம்பரில் புனலூர் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்களே, அதற்கு முந்தைய ஒரு மாதம் கல்யாண வேலை இல்லாத நாளெல்லாம் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தடியில்தான் கிடந்தேன். அந்தப் படங்கள் மொத்தமும் ஒரு 500 ஜிபி டிஸ்கில் இருக்கின்றன. வேறு காப்பி இல்லை. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

செருகினால் சுற்றும் சத்தம் கேட்கிறது, டக் டக் என்று அடிக்கவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடுகிறது. நேற்று ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. பயந்துபோய் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். ஒரு கடையில் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

புளியரைக்காரன்:
அண்ணே, விண்டோஸில் டிஸ்க் பிழையைத் திருத்துமே, அந்த செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள். என் பென் டிரைவ் அதில்தான் சரியானது.

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ்:
ஐயோ, வேண்டாம். செக்டிஸ்க் அந்த டிஸ்கிலேயே எழுதித்தான் திருத்தும். சாகக் கிடக்கிற டிஸ்கில் எழுதினால் உள்ளதும் போய்விடும். ஃபிரிட்ஜும் வேண்டாம். எங்கள் ஊர் வெயில் ஊர், இங்கேயே வெளியே எடுத்ததும் டிஸ்க் வேர்த்து ஈரமாகிவிடும். உங்கள் சாரலில் கேட்கவே வேண்டாம்.

முதலில் முழு டிஸ்கையும் அப்படியே இன்னொன்றுக்குப் படி எடுங்கள். பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, பழுதான டிஸ்கைப் படி எடுக்கிற டிடிரெஸ்க்யூ நிரலை ஓட்டுங்கள். படிக்க வராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது; நல்ல பகுதியை முதலில் அள்ளிவிட்டு, விட்ட இடத்தை மேப் ஃபைலில் குறித்துவைத்துத் திரும்ப வரும். கரண்ட் போனாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம். எது பழசு, எது புதுசு என்று மூன்று தடவை பாருங்கள் அண்ணே. மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் வந்து உங்கள் ரயில் மேல் உட்கார்ந்துவிடும்.

படி எடுத்த பிறகு ஃபோல்டர்களை மீட்கிற டெஸ்ட்டிஸ்க், அதிலும் வராவிட்டால் ஃபைல்களைத் தோண்டி எடுக்கிற ஃபோட்டோரெக். எல்லாம் அந்தப் படியின் மேல்தான். நடுவில் டக் டக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அது டிஸ்கைப் படிக்கிற ஹெட் பழுதாகிப் போன சத்தம். தூசியில்லாத லேபில்தான் பிரிக்க வேண்டும், செலவும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும்.

செங்கோட்டை ஸ்டுடியோ:
31 மணி நேரம் ஓடியது. கடைசியில் 38 எம்பி மட்டும் படிக்க வரவில்லை. டெஸ்ட்டிஸ்கில் பாதி ஃபோல்டர் பெயரோடு வந்துவிட்டது. மீதி ஃபோட்டோரெக்கில்தான் வந்தது. பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக நிற்கிறது. நல்லவேளை, எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை வைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மழையில் நனைந்துகொண்டு எடுத்த ஒன்று மட்டும் பாதிதான் வந்திருக்கிறது. மேலே பாலம், ஜன்னலில் கையாட்டும் ஒரு பையன், அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். பாலத்தின் கண்கள் எதுவும் தெரியவில்லை. அந்த 38 எம்பியை இன்னும் இரண்டு தடவை முயற்சி செய்யலாமா, இல்லை டிஸ்கை நிம்மதியாக விட்டுவிடவா?

கொழிஞ்சாம்பாறை சர்வீஸ்:
மற்றதை எல்லாம் இரண்டு இடத்தில் காப்பி எடுத்தாகிவிட்டதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

செங்கோட்டை ஸ்டுடியோ:
ஒரு இடத்தில்தான். இதோ கடைக்குக் கிளம்பிவிட்டேன்.