நியூ ஜெர்சியில வீடு, நியூயோர்க்கில வேலை: எந்த மாநில ரிட்டர்ன் முதல்?

கேள்வி: வெள்ளவத்தையில இருந்து அமெரிக்க வரி ரிட்டர்ன் (வருமான வரி அறிக்கை) தயாரிக்கிறன். கிளையன்ட் நியூ ஜெர்சி வதிவாளர், சம்பளம் மன்ஹாட்டனில. ரெண்டு மாநிலமும் முழு வரி கேட்குமோ? மற்ற மாநிலத்துக்குக் கட்டின வரிக்காக நியூ ஜெர்சி குறைச்சுத் தாற கிரெடிட்டை மென்பொருள் அளவுக்கு மேல காட்டுது.

பதில் 1: முதல்ல நியூயோர்க், வதிவற்றோருக்கான ஐடி-203 படிவம். அதை முடிச்சிட்டுத்தான் நியூ ஜெர்சி வதிவாளருக்கான என்ஜே-1040. நியூயோர்க் முழு வருமானத்துக்கும் வரி போட்டுப் பார்த்து, தன்ர பங்கை மட்டும் விகிதப்படி எடுக்கும். நியூ ஜெர்சி எல்லாத்துக்கும் வரி போடும். பிறகு என்ஜே-சிஓஜே அட்டவணையில கிரெடிட் தரும். உங்கட பிழை அநேகமா இதுதான்: டபிள்யூ-2 இல (வேலை தாறவர் குடுக்கிற வருடச் சம்பளப் படிவம்) 17ஆம் பெட்டியில இருக்கிறது சம்பளத்தில மாநில வரிக்காகப் பிடிச்ச தொகை. கிரெடிட்டுக்கு வேண்டியது ஐடி-203 இல வாற இறுதி வரி. அதுக்கும் உச்சவரம்பு உண்டு: ரெண்டு மாநிலமும் வரி போட்ட வருமானத்துக்குரிய நியூ ஜெர்சி வரிக்கு மேல போகாது. வங்கி வட்டியை அந்தக் கணக்கில சேர்க்காதீங்க, அது நியூ ஜெர்சிக்கு மட்டும்.

பதில் 2: வீட்டில இருந்து வேலை செய்த நாளை நியூயோர்க் கணக்கில இருந்து கழிக்க அவசரப்படாதீங்க தம்பி. ஊழியர் தன்ர வசதிக்காக வீட்டில இருந்தா நியூயோர்க் அதையும் தன்ர நாளாத்தான் எண்ணும்.

பதில் 3: மன்ஹாட்டனில அவருக்கு ஃபிளாட் ஏதும் இருக்கோ எண்டும் கேளுங்கோ. நிரந்தரமாத் தங்க இடமும் வருசத்தில நியூயோர்க்கில நிண்ட 184 நாளும் சேர்ந்தா அங்கயும் வதிவாளர்தான். நாளில ஒரு பகுதி நிண்டாலும் பொதுவா முழு நாள் கணக்கு.

கேள்வி கேட்டவர்: 17ஆம் பெட்டிதான் அண்ணா. மாத்தினதும் சரிவந்திட்டுது.