குறளைப் பொருள் பார்த்து மடக்கி எழுதலாமா?

ரோஸ் ஹில் ஆசிரியை:
மொரீஷியஸில் எங்கள் வகுப்புச் சுவரில் 391ஆம் குறளை ‘கற்க கசடறக் கற்பவை’ என்று ஒரு வரியாகவும், ‘கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்று மறு வரியாகவும் எழுதினேன். வாக்கியம் அங்கேதான் பிரிகிறது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்குப் பொருள் உடனே பிடிபடுகிறது. ‘கற்றபின்’ முதலடியின் இறுதியில்தான் வர வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் அழிக்கச் சொல்கிறார். ஓலைச்சுவடியில் அடி பிரிக்காமல் தொடர்ச்சியாகத்தானே எழுதினார்கள்?

வாக்வா வாசகர்:
அம்மா, ஓலையில் கண்ணுக்குத் தெரியாத அடியைக் காது எதுகையால் அறிந்துகொண்டது. ‘கற்க’, ‘நிற்க’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ற்’. உங்கள் சுவரில் ‘நிற்க’ வரிக்கு நடுவே புதைந்துவிட்டது. முதலடியின் நான்கு சீர்களும் ககரத்தில் தொடங்கி, கற்பதைப் பற்றியே அடுக்கிக்கொண்டு போய், ‘கற்றபின்’ என்று முடியாமல் தொங்கும்போது, ‘கற்ற பிறகு என்ன?’ என்ற கேள்வி ஒரு கணம் எழுகிறது. அந்தக் கேள்விக்குத்தான் ‘நிற்க’ விடையாக வருகிறது. நீங்கள் அந்தக் கணத்தை எடுத்துவிட்டீர்கள்.

ரோஸ் ஹில் ஆசிரியை:
அப்படியானால் முதற்குறளில் ‘ஆதி’ அடியிறுதியிலும் ‘பகவன்’ அடுத்த அடியிலும் நிற்பதற்கு என்ன பொருள், ஐயா? என் மாணவர்கள் ‘எழுத்தெல்லாம் ஆதி’ என்று நிறுத்திக் குழம்புகிறார்கள். நான்கு சீர், பிறகு மூன்று சீர் என்ற கணக்கு அங்கே வெட்டியது, அவ்வளவுதான்.

போர்ட் லூயிஸ்காரர்:
பள்ளியில் பிரெஞ்சுக் கவிதை படித்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதன்று. 1830இல் விக்தோர் யூகோவின் ‘எர்னானி’ நாடகம் அரங்கேறியபோது, ‘படிக்கட்டு’ என்ற சொல் ஓர் அடியின் இறுதியிலும், ‘மறைவான’ என்ற அதன் அடைமொழி அடுத்த அடியின் தலையிலும் நின்றதற்கே பழமைவாதிகள் கொதித்தார்கள். குறளின் யாப்பான வெண்பாவிலோ தளை, அதாவது ஒரு சீரை அடுத்த சீரின் முதலசையோடு இணைக்கும் கட்டு, அடியெல்லையைத் தாண்டியும் பிணைக்கிறது. ‘கற்றபின்’ விளச்சீர் என்ற வகை, அதையடுத்து ‘நிற்க’ நேரசையில் தொடங்குவதால், வெண்பாவுக்குரிய தளைகளில் ஒன்றான இயற்சீர் வெண்டளை அமைகிறது. எதுகை அடியைப் பிரித்துக் காட்ட, தளை அதை இழுத்துக் கட்டுகிறது. ஆகவே அடியிறுதியில் குரல் சற்றே தயங்கலாம், அறுந்துவிடக் கூடாது.

வாக்வா வாசகர்:
‘ஆதி’யில் தனிப்பொருள் இருப்பதாக நானும் வாதாட மாட்டேன். 391ஐ மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரோஸ் ஹில் ஆசிரியை:
சுவரில் பழையபடியே எழுதிவிடுகிறேன். பொருள் பிரித்த வடிவம் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழிக்கச் சொல்லாதீர்கள்.