மண்டல விதியும் மனை விலையும்: பார்த்ததைப் பகிருங்கள்

மனைக்கணக்கு:
மனை பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது "எஃப்எஸ்ஐ எவ்வளவு?" என்றுதான். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் அந்த எண் வெறும் உச்சவரம்பு. 12 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 240 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ 2 என்றால் 480 கட்டலாம் என்று தரகர் சொல்லுவார். விதிப்படி முன்னால் 3 மீட்டர், பின்னால் 2, பக்கங்களில் ஒன்றரை ஒன்றரை காலியாக விட்டால் மிஞ்சுவது 9க்கு 15, அதாவது 135. மூன்று தளம்தான் அனுமதி என்றால் மொத்தம் 405. மீதி 75 சதுர மீட்டர் ஏட்டில் மட்டும் இருக்கும். அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

கார் நிறுத்தம் இதைவிடக் கடுமை. வண்டி திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போகும். நான்கு வீட்டுக்கு நான்கு கார் என்று விதி கேட்டால், படிக்கட்டு போக, தரைத்தளம் முழுவதும் அதற்கே சரி. அந்தத் தளத்தையும் தள எண்ணிக்கையில் சேர்க்கிற ஊராக இருந்தால் குடியிருக்க 270தான். மனையின் மதிப்பைக் கீழே இழுப்பது பல சமயம் மண்டலம் (எந்த இடத்தில் வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று ஊரைப் பிரிப்பது) அல்ல, இந்த நிறுத்த விதி.

வரைபடமேசை:
அதே மனை மூலையில் இருந்தால்? இரண்டு சாலைப் பக்கமும் 3 மீட்டர் விடச் சொல்கிற விதிகள் உண்டு. கட்டக்கூடிய அகலம் 9இலிருந்து ஏழரை ஆகிவிடும். மூன்று தளத்துக்கு 337.5. கடை வைக்க அனுமதி உள்ள மண்டலத்தில் மூலைமனைக்குக் கூடுதல் விலை நியாயம். வீடு மட்டும் என்றால் கூடுதல் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, மண்டல எல்லைக்கோடு. 1:5000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 5 மீட்டர். 12 மீட்டர் மனையின் மேல் அது விழுந்தால் எந்தப் பக்கம் எந்த மண்டலம் என்று கண்ணால் சொல்ல முடியாது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் சான்று வாங்குவதுதான் வழி, வாய்வார்த்தை செல்லாது.

நிலமதிப்பு:
விதி மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதற்கு நீதிமன்றம் வரை போன பழைய உதாரணம், அமெரிக்காவின் யூக்ளிட் கிராம வழக்கு. ஆம்ப்ளர் நிறுவனத்தின் 68 ஏக்கர் நிலத்துக்குக் கிராமம் மண்டல விதி போட்டது. தொழிற்சாலைக்கு என்றால் ஏக்கர் 10,000 டாலர், வீட்டுக்கு மட்டும் என்றால் 2,500தான் என்று அந்த நிறுவனம் வாதிட்டது. 1926இல் உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலை குறைகிறது என்பது மட்டும் விதியை உடைக்கப் போதாது என்று ஆகிவிட்டது.

மனைக்கணக்கு:
அருமையான உதாரணம். விதி தளர்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி விலை ஏறாது என்பதையும் சேர்க்க வேண்டும். பெரிய மனையில் சின்னப் பழைய வீடு இருந்தால் ஏற்றம் அதிகம்; இடித்துவிட்டு நிறையக் கட்டலாம். ஏற்கெனவே அடுக்குமாடி நிற்கிற மனைக்குக் கிடைப்பது சொற்பம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016 நகரத் திட்டம் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அடர்த்தியைக் கூட்டியபோது இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மண்டலச் சட்டமே கிடையாது, ஆனால் குறைந்தபட்ச மனை அளவு உண்டு. 1998இல் நகரின் உள்வட்டப் பகுதியில் அது 5,000 சதுர அடியிலிருந்து 1,400 ஆகக் குறைந்ததும் ஒரு வீடு இருந்த இடத்தில் மூன்று வரிசை வீடுகள் வரத் தொடங்கின.

வரைபடமேசை:
வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது விதிக்கு முந்தைய பயன்பாட்டில். குடியிருப்பு மண்டலத்தில் ஒரு பழைய பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். விதி வருவதற்கு முன்பே இருந்ததால் தொடரலாம், ஆனால் ஒரு ஷெட் கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. பல ஊர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ பூட்டிக் கிடந்தால் உரிமை போய்விடும். தீயில் பாதிக்கு மேல் அழிந்தாலும் அப்படியே கட்ட விடமாட்டார்கள். அதனால்தான் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: விதி வந்த தேதிக்கு முந்தைய தொழில் உரிமம், அதன் பிறகு விடாமல் புதுப்பித்த ஆதாரம், மாதா மாதம் மின்கட்டண ரசீது. ரசீதில் நீண்ட இடைவெளி தெரிந்தால் அதைப் பட்டறையாக மதிப்பிடாதீர்கள். வீட்டு மனை விலைதான் கொடுக்க வேண்டும், அதிலும் இடிக்கிற செலவைக் கழித்துக்கொண்டு.