பேச்சு மொழிச் சிகிச்சை மேல்படிப்பு: புதுப்பிப்பு

போன வருஷம் இங்கே கேட்டிருந்தேனுங்க: பிஏஎஸ்எல்பி (செவித்திறன், பேச்சு மொழிச் சிகிச்சைக்கான இளநிலைப் படிப்பு) முடித்துவிட்டேன், பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசை, மேல்படிப்பு வேணுமா, எங்க ஊர் கோபிசெட்டிபாளையத்திலேயே வேலைக்குப் போகலாமா என்று. படிக்கவே முடிவெடுத்து, மைசூரில் இரண்டு வருஷ எம்எஸ்சி சேர்ந்துவிட்டேன். திம்பம் மலையேறினால் வந்துவிடும் தூரம்தான், வீட்டிலும் சம்மதித்தார்கள்.

வேலை பார்க்க இளநிலையும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் போதும். ஆனால் பள்ளிக்கு அது மட்டும் பத்தாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால், தமிழ் இன்னும் பழகவில்லையா, மொழி வளர்ச்சியிலேயே சிக்கலா என்று பிரித்தறிய வேண்டும். உண்மையான சிக்கல் என்றால் வீட்டு மொழியிலும் தெரியும். அதனால் இரண்டு மொழியிலும் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. அதற்கும் முன்னால் காது கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும். அவசரப்பட்டு "குறைபாடு" என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைதானே சுமக்கணும்?

திக்கும் பிள்ளையிடம் "மெதுவா பேசு" என்று சொல்லாமல், முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். ஆசிரியர்களுக்கு இதைப் புரியவைப்பதும் எங்கள் வேலையில் பாதி.

தனிச்செய்தியில் கேட்ட பெற்றோருக்கு: பிஏஎஸ்எல்பி நாலு வருஷம், கடைசி வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்க.